தாய்வீட்டுச் சுறா

பால் சுறாக்களின் தாய்வழியைத் தேடுவதுதான் என் வேலை. துறைமுகத்தில் விற்பனைக்கு வந்த சுறாவின் துடுப்பு நுனியை நறுக்கி, ஸ்பிரிட் குப்பியில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுவருவேன். தாய் குட்டி போட்ட கரையோரத்துக்கே மகளும் வந்து குட்டி போடுகிறாளா என்று மரபணுவில் தேடுவோம். பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற ஜாதிதான் அவையும் என்று தோழிகளிடம் கிண்டலடித்திருக்கிறேன்.

என் முறை வந்தபோது நானும் திருவண்ணாமலைக்கு வந்தேன். வேங்கிக்காலில் அம்மா வீடு. மகள் எடை குறைவாகப் பிறந்தாள். எனக்குப் பால் ஊறவில்லை. பவுடர் பாலைக் கொடுத்தால் கக்கினாள். இன்னும் எடை இறங்கினால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வந்து பார்த்தவர்கள் எல்லாரிடமும் யோசனை இருந்தது, பால்தான் இல்லை. எனக்கு எல்லார் மேலும் எரிச்சல். என் உடம்பின் மேல் அதைவிட எரிச்சல்.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுத்தால் பால் சுரக்கும் என்பார்கள். அம்மா ஒரு நாள் காலையில் மார்க்கெட்டிலிருந்து கனத்த பையோடு வந்தாள்.

"மீன்கடை பாய்கிட்ட பிள்ளை பெத்தவளுக்குனு சொன்னேன்டி. நல்லா வயிறு பெருத்ததா பார்த்துக் குடுன்னு கேட்டு வாங்கினேன். இதுலதான் பால் ஜாஸ்தி ஊறும்."

பையிலிருந்து எடுத்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. "அம்மா, அறுக்காதே" என்று நான் சொல்வதற்குள் அரிவாள்மனையில் வயிறு திறந்துவிட்டது.

உள்ளே சாண் நீளத்தில் குட்டிகள். முழுசாக வளர்ந்து, கண் திறந்து கிடந்தன. ஒவ்வொன்றின் நெஞ்சிலிருந்தும் ஒரு கொடி தாயின் வயிற்றுக்குப் போனது. பால் சுறா முட்டையிடுவதில்லை, நம்மைப் போலக் கொடியில் ஊட்டித்தான் வளர்க்கும். இதை எத்தனையோ கூட்டங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாளில் ஆழமில்லாத கரைத் தண்ணீருக்குப் போய்ப் பெற்றிருப்பாள். அது என்று வரவில்லை, அவள் என்றுதான் மனதில் வந்தது.

அம்மா கையை உதறினாள். "ஐயோ, புள்ளத்தாச்சியாடி இது!"

அறைக்குள் என் மகள் சிணுங்கினாள். என்னால் குட்டிகளிடமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மார்பில் ஊசி குத்துவதுபோல் வலித்தது. குனிந்து பார்த்தேன். நைட்டி நனைந்திருந்தது.

ஓடிப்போய் மகளை எடுத்தேன். மூச்சு முட்டக் குடித்தாள். சந்தோஷத்தில் அழுதேன், பயத்திலும்தான். அம்மா குட்டிகளைக் கொல்லையில் புதைத்துவிட்டு, தாயை வேகவைத்து உதிர்த்து, பூண்டு தாராளமாகப் போட்டுப் புட்டு செய்தாள். தொடமாட்டேன் என்றுதான் இருந்தேன். மகளின் எடையை நினைத்துக்கொண்டு தட்டைக் காலி செய்தேன்.

மகள் இப்போது வீடெல்லாம் ஓடுகிறாள். புட்டால்தான் பால் வந்தது என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நான் மறுப்பதில்லை. ஆனால் துறைமுகத்தில் வயிறு பெருத்த சுறாவைக் கண்டால் இன்றும் துடுப்பை நறுக்காமல் அடுத்ததற்குப் போய்விடுகிறேன். அன்று மகள் சிணுங்கியதற்குத்தான் பால் இறங்கியது என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் அந்த நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் குட்டிகளை. நைட்டியை நனைத்த அந்த முதல் பாலை என் மகள் குடிக்கவில்லை.