அண்ணன் பேசியது என்னிடம் இல்லை

இன்று மண்ணெண்ணெய் வரிசையில் எனக்குப் பொறாமை வந்தது.

ரங்கூனில் குண்டு விழுந்து, காட்டு வழியே நடந்து ஊர் திரும்பிய நாள் முதல் அண்ணன் யாரிடமும் பேசுவதில்லை. ஓராண்டாக நான்தான் சோறு ஊட்டுகிறேன். எனக்கு ஒரு சொல் கிடைத்ததில்லை.

இன்று வரிசையில் எங்கள் பக்கத்தில் கூடையோடு நின்ற, மலைக்கோயிலில் விற்கும் தேங்காய்க்காரம்மாவிடம், "இம்மாம் கனத்த எப்படிம்மா மலைக்குத் தூக்கினு போற?" என்று கேட்டான்.

அவளைத் தனியே அழைத்து, "அண்ணன்கிட்ட இன்னா சொன்னீங்க?" என்றேன்.

"ஒண்ணும் இல்லம்மா. கை வலிக்குது, கூடைய செத்த புடி நைனான்னேன். புடிச்சிகினாரு."

சாப்பிடு, படு என்றுதான் இத்தனை நாளும் சொல்லியிருக்கிறேன். உதவி கேட்டதே இல்லை.

நாளை அவனிடம் என்ன கேட்கலாம்? நீங்களே சொல்லுங்கள். அந்த அம்மாவிடம் போய் யோசனை கேட்க எனக்கு மனமில்லை.