அடுத்த வீட்டுக்குப் போன வயர்

போன வாரம் புது இணைப்பு கொடுக்க வந்தவர் சுவரில் துளை போட்டார். ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் ஃபிளாட் பழசு. டிரில் உள்ளே போனதும் செங்கல் தூள் புகையாய்க் கிளம்பி, மண்ணும் சுண்ணாம்பும் கலந்த சூடான வாசனை கூடம் முழுக்க நிறைந்தது. வேலை முடிந்து ஏணியிலிருந்து இறங்கியவர், ஜன்னலுக்கு மேலே சுவரோடு சேர்த்துப் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்த ஒரு வயரைக் காட்டினார்.

"இது என்னங்க, அடுத்த வீட்டுக்குள்ள போகுது? வெட்டிடவா?"

"இருக்கட்டுங்க" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள், அதனால் சொல்கிறேன்.

அந்தச் சுவரில் முதல் துளை போட்டபோதும் இதே வாசனைதான். பதினைந்து இருபது வருஷம் இருக்கும், அப்போது நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். எங்கோ அமெரிக்காவில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு அப்படியே தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். கேட்க நாகரிகமாக இருக்கும். உண்மையில், வாயில் எதையோ மென்றுகொண்டே ஒருவர் அடுத்தவருடைய குடல் அறுவை சிகிச்சையை விவரிப்பதை நான் சாம்பார் கொதிக்கும் வாசனையோடு கேட்டுக்கொண்டிருப்பேன். மூன்று தடவை திருப்பிக் கேட்டும் புரியாவிட்டால் கோடு போட்டு விட்டுவிடுவேன். அந்தக் கோடுகளுக்காக நான் வாங்கிய திட்டு தனிக் கதை.

எங்கள் தளத்தில் இணையம் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். ஒரு நாள் அடுத்த வீட்டுச் சந்திராக்கா வந்தார். தாயார் போன பிறகு தங்கை கோமதியைத் தன்னோடு வைத்துக்கொண்டு வளர்த்தவர். கோமதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். தோள் இறக்கம் ஒரு நூல் பிசகாது.

"கோமதிக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கியிருக்கோம். புது டிசைன்லாம் அதுல பாக்கலாமாம். உங்க லைன்லேருந்து ஒரு வயர் இழுத்துக்கலாமாங்க?"

இழுத்தோம். இழுத்தது என் வீட்டுக்காரர். தனக்கு எல்லாம் தெரியும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நம்புகிறவர். வயருக்குள் எட்டு நிறங்களில் மெல்லிய கம்பிகள் இருக்கும். வரிசை மாறாமல் அடுக்கி முனையில் கிளிப் அடிக்க வேண்டும். வரிசையைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைத்துக்கொண்டு, தாளைத் தலைகீழாக வைத்துப் பார்த்து அடித்தார். நாலு கிளிப் குப்பைக்குப் போயின. ஐந்தாவது சரியாக வந்தும் இணைப்பு மட்டும் வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்த கோமதி, எங்கள் திரையிலிருந்த ஒரு எண்ணைத் தொட்டாள். என் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் திரையிலும் அதே எண்ணைத் தொட்டாள். இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தார் மனிதர். ஒரு தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் பாவம் என்ன செய்வார்? கடைசி எண்ணை மாற்றியதும் இணையப் பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்டியது. "நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார் இவர்.

ரவிக்கை டிசைன் பார்த்தது ஒரு மாதம் இருக்கும். பிறகு கம்ப்யூட்டரின் மேல் ஒரு சின்னக் கேமரா வந்து உட்கார்ந்தது. காது கேளாதோர் பள்ளியில் அவளோடு படித்த சேகர், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். மருங்காபுரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவனுக்கும் காது கேட்காது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து ஒரு பிரௌசிங் சென்டரில் வந்து உட்காருவான். இருவரும் கையால் பேசிக்கொள்வார்கள்.

அப்போதைய வேகம் உங்களுக்கு நினைவிருக்கும். நாம் பேசும்போது படம் நின்றால் குரலாவது வரும். அவர்களுக்குப் படம்தான் குரல். நான் ஒரு ஃபைல் அனுப்பினால் போதும், சேகரின் விரல்கள் கட்டம் கட்டமாகச் சிதறிவிடும். ஒரு நாள் கோமதி வந்து என் மேஜையருகே நின்று, தன் விரல்களைப் பிரித்துக் குலுக்கிக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அதன்பின் ஆறு மணிக்குள் என் ஃபைல்களை அனுப்பிவிடுவேன். அதற்காகவே சில சைகைகளும் கற்றுக்கொண்டேன். 'முடிந்தது', 'கொஞ்சம் பொறு', 'லைன் இல்லை'. பிறகு 'சாப்பிட்டாயா', 'மழை', 'தலைவலி'. என் கை வேகத்தைப் பார்த்து அவள் சிரிப்பாள். தொண்டையிலிருந்து கரகரவென்று வரும் சிரிப்பு.

ஒரு மத்தியானம் சந்திராக்கா வந்தார். உட்காரவில்லை.

"ஒரு உதவி பண்ணணுங்க. அந்த வயரை எடுத்துடுங்க. லைன் ரிப்பேர்னு சொல்லிடுங்க."

"ஏன்க்கா?"

"அந்தப் பையனையே கட்டிக்கிறேங்கிறா. நல்ல பையன்தான், இல்லேங்கல. ஆனா ரெண்டு பேருக்கும் காது கேக்காது. நாளைக்கு ஒரு குழந்தை பொறந்து, அது அழுதா யாருங்க கேப்பா?" கண் கலங்கிவிட்டது. "நான் சொன்னா எதிரி ஆயிடுவேன். ரிப்பேர்னா தானா விட்டுப்போயிடும்."

அவர் கவலை பொய்யில்லை. அதுதான் என்னை வீழ்த்தியது. சரி என்றேன். அவர் போனதும் கிளிப்பை உருவிவிட்டேன்.

சாயங்காலம் கோமதி வந்து நின்றாள். 'லைன் இல்லை' என்று காட்டினேன். அவள் கற்றுக்கொடுத்த சைகையாலேயே அவளிடம் பொய் சொன்னேன். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். தனியாகப் பிரௌசிங் சென்டருக்கு அக்கா அனுப்ப மாட்டார். அந்த வீட்டில் இருந்த ஒரே செல்போன் அக்கா வீட்டுக்காரரின் சட்டைப்பையில் ஆபீஸ் போய்விடும்.

நாலாம் நாள் சாயங்காலம் நான் ஹெட்போனோடு தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். நிழல் தட்டியது. கோமதி ஜன்னலருகிலிருந்து வயரைத் தொட்டுக்கொண்டே வந்தாள், சுவர் வழியாக, கதவுச் சட்டம் வழியாக, என் மேஜை வரை. கடைசியில் கிளிப் அவள் உள்ளங்கையில் இருந்தது. பக்கத்திலேயே பெட்டியின் பச்சை விளக்குகள் ஜோராகச் சிமிட்டிக்கொண்டிருந்தன.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் நோட்டை இழுத்து எழுதினாள்: "அக்கா சொன்னாளா?"

தலையசைத்தேன்.

"சேகர் நாலு நாளா அங்க வந்து உக்காந்திருப்பார்."

அவ்வளவுதான் எழுதினாள். கிளிப்பை அவளாகவே செருகியிருக்கலாம். செருகவில்லை. என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். நான் எடுத்துச் செருகினேன். 'டிக்' என்ற அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது.

அப்படியே எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனேன். "மன்னிச்சுக்குங்கக்கா. வயரைத் திரும்பச் செருகிட்டேன். இனிமே அவகிட்ட என்னால பொய் சொல்ல முடியாது. உங்களுக்குப் பயம் இருந்தா அந்தப் பையன்கிட்டயே கேளுங்களேன்."

"அவன்கிட்ட நான் எப்படிங்க பேசுறது?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாடியில் துணி காயப்போடும்போது கூடத் திரும்பிக்கொண்டார்.

பதினோராம் நாள் சாயங்காலம் கூப்பிட்டனுப்பினார். கோமதி திரைக்கு முன்னால் இருந்தாள். அக்கா பின்னால் நின்றிருந்தார். "நீங்களும் கூட இருங்க. அவ எதையாவது மாத்திச் சொல்லிடுவா" என்றார். எனக்குத் தெரிந்ததோ மழையும் தலைவலியும். இருந்தாலும் போய் நின்றேன். அக்கா கேள்வியைத் தாளில் எழுதிக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். 'குழந்தை அழுதால்?'

சேகர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு மெதுவாகக் காட்டினான். எனக்கே புரிந்தது. தூளி ஆடுகிறது. தூளியிலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை மணிக்கட்டில். குழந்தை அசைந்தால் கயிறு இழுக்கும். பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினான்: "பக்கத்து வீட்டில் எங்களை மாதிரியே இருவர். இப்படித்தான் பிள்ளை வளர்க்கிறார்கள். வந்து பாருங்கள்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மறு வாரமே ஓசூருக்கு பஸ் ஏறினார்.

கல்யாணம் காவிரிக்கரையில் அம்மா மண்டபத்துக்கு அருகே ஒரு சின்ன மண்டபத்தில். தாலி கட்டியதும் மேளம் கொட்ட, பள்ளி நண்பர்கள் முப்பது நாற்பது பேர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். கோமதியின் முதல் பிரசவத்துக்கு ஓசூர் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்த அக்கா என்னிடம் சொன்னார்: "கயிறு இழுக்கறதுக்குள்ள ரெண்டு பேரும் முழிச்சுக்கறாங்க. காது நல்லா கேக்கற நான்தாங்க தூங்கிட்டேன்."

அக்கா காலி செய்துகொண்டு போய்விட்டார், இப்போது அடுத்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எனக்குச் சரியாகத் தெரியாது. அவர்கள் வைஃபை இணைப்பின் பெயர் மட்டும் என் போனில் பூட்டோடு தெரிகிறது. என் வேலையை இயந்திரமே கேட்டு எழுதிவிடுகிறது. யாரும் யார் வீட்டுக்கும் போய், லைன் இருக்கிறதா என்று நிற்பதில்லை.

போன தை மாதம் பெருமாள் சேவிக்க வந்த கோமதி வீட்டுக்கு வந்திருந்தாள். பார்த்ததும் கையைத் தூக்கினேன். ஒன்றும் வரவில்லை. எனக்குத் தெரிந்திருந்த நாற்பது ஐம்பது சைகைகளில் ஒன்றைக்கூட விரல் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் சிரித்துவிட்டுப் போனை எடுத்தாள். ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிப் பேசினோம். சௌகரியமாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது வாசலில் நின்று கையால் ஏதோ சொன்னாள். போயிட்டு வரேன் என்றுதான் இருக்க வேண்டும். வேறு ஏதாவதாகவும் இருந்திருக்கலாம். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.