உப்பு தின்ற ஜீப்புக்கு அயனிப் பலகை

நான் படித்தது மூன்றாம் கிளாஸ். எழுத்து கோணலாக வரும்; மறதியும் உண்டு. எங்கள் சபைப் போதகர் ஐயரின் மனைவி, நாங்கள் ஐயரம்மா என்று கூப்பிடுகிறவர், மார்த்தாண்டம் போய் வந்ததைச் சபைப் பத்திரிகைக்கு எழுதித் தரச் சொன்னார். முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன். குற்றம் குறை இருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது யுத்தத்துக்கு வந்த ஜீப். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் போட்டபோது என் மகன் ஞானமுத்து எடுத்தான். எங்கள் ஊர் தாமரைக்குளம் பக்கம், உப்பளம் உள்ள இடம். மணலிலும் சேற்றிலும் புதையாமல் போகிற வண்டி அது ஒன்றுதான் என்பதால் வருஷக்கணக்காக உப்பு மூட்டை ஏற்றினான். உப்பு சும்மா இருக்குமா? எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை, அடிச்சட்டத்துக்கும் ஒன்றும் இல்லை. மேலே உள்ள தகடு மட்டும் துருவேறி, அரிசி முறுக்கைப் போலப் பொடிந்து விழுந்தது. வண்டியைப் பரிசோதித்த அதிகாரி, இந்த உடம்போடு ரோட்டில் ஓடக்கூடாது, மாற்றிக்கொண்டு வந்தால்தான் அனுமதி என்று சொல்லிவிட்டார். நாகர்கோவில் பட்டறையில் புதுத் தகடு போடச் சொன்ன விலை எங்களுக்கு எட்டாதது.

"சவத்து வண்டிய எடைக்குப் போட்டுட்டு நான் பீருமேட்டுக்குப் போறேன்" என்றான் மகன். அங்கே தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்ட ஆள் கேட்டிருந்தார்கள். பீருமேட்டுக்குப் போன எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வருவார்கள். சிலர் அதற்கும் வருவதில்லை. எனக்கு அவன் ஒருவன்தான்.

மார்த்தாண்டத்தில் பஸ்ஸுக்கு மரத்தில் உடம்பு கட்டுகிற நீலகண்ட ஆசாரி என்பவரை யாரோ சொன்னார்கள். மகன் போய்க் கேட்டான். சட்டம் என் மரம், பலகை நீ கொண்டு வா, கூலி நாற்பத்தைந்து ரூபாய் என்றாராம். பலகைக்கு எங்கே போவது என்று அவன் உட்கார்ந்திருந்தபோது நான் பரணைக் காட்டினேன்.

பரணில் கிடந்தது என் பெட்டிக்கு உள்ள பலகை. பெட்டி என்றால் சவப்பெட்டிதான். எங்கள் வளவில் நின்ற அயனி மரத்தை என் வீட்டுக்காரர் அறுத்து, அவருக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று இரண்டு பெட்டிக்குப் பலகை எடுத்து வைத்திருந்தார். அவருடையது அவரோடு மண்ணுக்குள் போயிற்று. என்னுடையது பாக்கி. மகன் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் பரண் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் அவனே ஏணி வைத்து இறக்கினான்.

சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். வழியில் யாரும் கேட்டால் பதில் சொல்ல ஒரு துணை வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டான். ஜீப்பின் தரையில் பெரிய ஓட்டை. கால் வைக்க இடம் இல்லாமல் பலகைக் கட்டின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். கீழே குனிந்தால் ரோடு ஓடுகிறது. சுசீந்திரத்தில் ஒரு குழியில் சக்கரம் இறங்கியபோது சேற்றுத் தண்ணீர் அடியிலிருந்து கிளம்பி என் சேலையெல்லாம் ஆயிற்று.

ஆறரைக்கு நாகர்கோவில். எங்கள் ஊரிலிருந்து எட்டு மைல் இருக்கும். வடசேரியில் காப்பி குடித்தோம், ஒரு கிளாஸ் ஒரு அணா. வில்லுக்குறி வரைக்கும் இரண்டு பக்கமும் வயல். நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது. தக்கலையில் ஒரு அம்மாள் சக்கைப்பழத்தை, அதாவது பலாப்பழத்தை, தலையில் வைத்துக்கொண்டு கை காட்டினாள். மார்த்தாண்டம் சந்தைக்குப் போகிறவள். மகன் நிறுத்தினான். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மக்கா, இதுல ஏறினா வண்டி கூட நானும் ஓடணுமே. அதுக்கு நான் நடந்தே போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மகனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு மார்த்தாண்டம் சேர்ந்தோம். பழைய ஆட்கள் அதைத் தொடுவெட்டி என்பார்கள். நாகர்கோவிலிலிருந்து இருபது மைல் என்று மகன் மைல்கல் பார்த்துச் சொன்னான். ஆசாரியின் பட்டறை ரோட்டோரத்தில்தான். ஒரு பஸ்ஸின் விலா எலும்பு மாதிரி மரச்சட்டம் நிற்கிறது. அதன் பக்கத்திலேயே செய்து முடித்த பெட்டிகள் இரண்டு சுவரில் சாய்ந்து நிற்கின்றன. இரண்டு வேலையும் ஒரே உளியில் நடக்கிறது.

ஆசாரி கட்டை அவிழ்த்து ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்தார். நல்ல விளைந்த அயனி என்று சந்தோஷப்பட்டார். கடைசியில் இரண்டு குட்டைப் பலகையைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாலு நெடியது, இரண்டு குட்டை. தலைமாட்டுக்கு ஒன்று, கால்மாட்டுக்கு ஒன்று.

"பிள்ளே, இது வண்டிக்குள்ள பலகை இல்லியே. பெட்டிக்கு அறுத்ததுல்லா?"

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரே கட்டாகப் பரணில் கிடந்ததை அப்படியே இறக்கிக்கொண்டு வந்துவிட்டோம். குட்டை இரண்டையும் வீட்டில் போட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. இரண்டு பேருக்கும் அந்தப் புத்தி வரவில்லை.

மரம் மரம்தானே என்றான் மகன்.

"மரம் மரந்தான். ஒருத்தருக்குன்னு அளந்து அறுத்தா அது அவுங்களுக்குள்ளதாக்கும். அதுல பத்துப்பேரு இருந்து போவப்படாது. நான் செய்யமாட்டேன், கேட்டியா? வேற பலகை கொண்டு வா."

மகன் பலகைகளை மறுபடியும் கட்டத் தொடங்கினான். கயிற்றை இழுத்துக்கொண்டே, பீருமேட்டுக்கு வழி திறந்தாச்சு என்று தனக்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

அந்நிய ஆண்கள் முன்னால் நான் பேசினவள் இல்லை. சபையில் ஜெபிக்கக் கூப்பிட்டாலும் தலையைக் குனிந்துகொள்ளுவேன். அன்றைக்கு ஆசாரியின் காலைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"அது எனக்கு அளந்ததாக்கும். எனக்க மாப்பிள்ளை அறுத்து வச்சது. எனக்குள்ளத நான் தாறேன். செத்தவ தரேல்ல, உயிரோட நிக்கிறவதானே தாறேன்."

ஆசாரி பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு நெடிய பலகையை எடுத்து நிமிர்த்தி வைத்தார். "இதோட ஒட்டி நில்லுங்க, அம்மா" என்றார்.

எதிர்ப்பக்கம் சாயாக்கடையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து பார்க்கிறார்கள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நின்றேன். ஆசாரி என் உச்சந்தலைக்கு மேலே பலகையில் கையை விரித்து வைத்துப் பார்த்தார்.

"பெட்டிக்கு அளந்தா தலைக்கு மேல நாலு விரலு விடுவாவ. அதாக்கும் கணக்கு. இங்க ஒரு சாணுக்கு மேல கெடக்கு. நீங்க குறுகிட்டிய, அம்மா. இது ஒங்க அளவு இல்ல." மகன் பக்கம் திரும்பினார். "யாருக்க அளவும் இல்லாட்டா அது வெறும் மரம். வச்சிட்டுப் போ. வண்டியும் கெடக்கட்டு."

மகன் கயிற்றை விட்டான். நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். நாகர்கோவிலுக்கு ஆளுக்குப் பத்து அணா. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மகன், பார்த்து இறங்கு, இனிமேல் குறுக இடமில்லை என்றான்.

இரண்டு சனிக்கிழமை கழித்து மறுபடி போனோம். வண்டி எனக்கு அடையாளம் தெரியவில்லை. மூக்கு மட்டும் பழைய பட்டாளத்து மூக்கு. அதற்குப் பின்னால் எல்லாம் மரம். நெடிய பலகைகள் தரையும் பக்கமும் ஆகியிருந்தன. குட்டை இரண்டும் சேர்ந்து பின்கதவு. மீன்பிடி வள்ளத்துக்குப் பூசுகிற, முந்திரித் தோட்டில் எடுக்கிற கொல்லாங்கொட்டை எண்ணெயை நாலு கை பூசியிருந்தார், கறுத்து மினுங்கியது. இதை உப்பு தொடாது என்றார் ஆசாரி. ஆனால் ஏற்றத்தில் ஏறி இறங்கினால்தான் மூட்டு இளகுமா என்று தெரியும், குலசேகரம் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்றார். அப்படிச் சொன்னவர் ஏறவில்லை. அவர் பட்டறை ஆட்களும் ஏறவில்லை. வெறும் மரம் என்று சொன்னாலும் மனதில் ஒரு இது இருக்கத்தானே செய்யும். நான் போய் முதலில் ஏறிப் பலகையில் இருந்தேன். பிறகு எல்லாரும் ஏறினார்கள்.

குலசேகரம் ஒன்பது மைல். வழியெல்லாம் ரப்பர் மரம். சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. வெயில் ரோட்டில் விழவே இல்லை. ஏற்றத்தில் ஒரு மூட்டும் முனகவில்லை.

மத்தியானம் மார்த்தாண்டத்திலிருந்து ஊருக்குத் திரும்பும்போது சந்தை முன்னால் அதே சக்கைப்பழக்காரி நின்றாள். இந்த முறை கேட்காமலே ஏறினாள். கூடையை வைத்துவிட்டுப் பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல பலகை. எங்க வாங்கினது?"

"எனக்குன்னு வச்சிருந்ததாக்கும்" என்றேன்.

"அப்பம் ஒங்களுக்கு?"

மகன் முன்னாலிருந்து, "அவுங்களுக்கு இப்பம் தேவை இல்ல" என்றான். தக்கலையில் இறங்கும்போது அவள் கூலியோடு ஒரு சக்கைத்துண்டும் தந்தாள். புது வண்டியின் முதல் கூலி அது.

எங்கள் ஊரில் பெட்டிப் பலகையைப் பரணில் ஒளித்து வைப்போம். யாரும் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். மார்த்தாண்டத்தில் பெட்டியையே ரோட்டோரத்தில் பஸ்ஸோடு சேர்த்து நிறுத்தியிருக்கிறார்கள், எதிரில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே சாயா குடிக்கிறார்கள். முதலில் எனக்கு அது சரியாகப் படவில்லை. இப்போது பரவாயில்லை என்று தோன்றுகிறது. எங்கள் பரணில் இப்போது வெங்காயம் கிடக்கிறது. அதிகாரி அனுமதி தந்தார். பீருமேட்டுப் பேச்சு வீட்டில் இல்லை.

மைல் கணக்கும் பஸ் கூலியும் ஞாபகத்திலிருந்து எழுதினது. தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்த வேண்டும். அழகியமண்டபம் தக்கலைக்கு முன்னாலா பின்னாலா என்று தெரியாமல் அதை எழுதாமலே விட்டேன். இன்னொன்றும் உண்டு. எனக்குக் கண் சரியாகத் தெரிகிறதில்லை. ஞானமுத்துவின் வண்டியில் ஏறுகிறவர்கள் பின்கதவைத் தொட்டுப் பார்த்து, பூச்சி அரித்து உளுக்காமல் இருக்கிறதா என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.