குயில் எலும்பு

முக்கொம்புப் பூங்காவில் குழந்தைகளுக்குப் போட்டிருக்கும் சறுக்குமரத்தில் நான் ஏறியிருக்கக் கூடாது. தங்கச்சி பிள்ளைகள் கைதட்டியதும் எனக்குப் புத்தி போயிற்று. புர்காவை வாரிச் சுருட்டிக்கொண்டு சறுக்கினேன். கீழே கெட்டித் தரை. பொத்தென்று விழுந்தவள்தான், அப்புறம் உட்காரவே முடியவில்லை.

அடுத்த வாரம் துபாய்க்கு விமானம். அங்கே வேலை பார்க்கும் வீட்டுக்காரர் இரண்டு வருஷம் கழித்து என்னை வரவழைக்க விசாவும் டிக்கெட்டும் எடுத்துவிட்டார். இப்போது வர முடியாது என்று சொல்லியாக வேண்டும். அடிபட்ட இடத்தை எப்படிச் சொல்வேன்? நான் போய்ச் சேரும்வரை அவர் இருப்பது ஊர்க்காரர்கள் ஆறு பேரோடு ஒரே அறையில். சமைத்துக்கொண்டே பேசுவதால் போன் எப்போதும் ஸ்பீக்கரில். எழுதி அனுப்பினாலோ, கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிற மனுஷர்.

"முதுகு வலிங்க" என்று மழுப்பினேன்.

"முதுகு வலிக்கு யாராவது டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுவாங்களா? வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடு" என்று வெடுக்கென்று வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இஷ்டமில்லையாமே! பெட்டி கட்டி வைத்துக்கொண்டு உட்கார முடியாமல் நிற்கிறவளைப் பார்த்து!

மறுநாள் ஸ்ரீரங்கத்து லேடி டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். "காக்சிக்ஸ்ல அடிங்க. முதுகெலும்போட கடைசி நுனி. கிரேக்க பாஷையில அந்தச் சொல்லுக்குக் குயில்னு அர்த்தம். பாருங்க, குயில் மூக்காட்டம் வளைஞ்சிருக்கு."

அல்லா, எவ்வளவு கௌரவமான பெயர்! நாலு பேர் நடுவிலும் சொல்லலாம்.

அன்று சாயங்காலமே போன் போட்டேன். "மச்சான், குயில் எலும்புல அடி. ஒரு மாசம் உக்காரக் கூடாதாம். இங்கிலீஷ்ல காக்சிக்ஸ். நீங்களே தேடிப் பாத்துக்குங்க."

"குயில் எலும்பா? அது எங்கய்யா இருக்கு?" என்றது யாரோ ஒருவரின் குரல். இன்னொருவர் செல்லில் தேடிப் படத்தைக் காட்டியிருக்க வேண்டும். பிறகு அறையே குலுங்கிச் சிரித்தது. நான் வெட்கத்தில் செத்தேன்.

"எல்லாரும் வெளிய போங்கப்பா" என்று அதட்டினார். ஸ்பீக்கரை அணைத்திருக்க வேண்டும், குரல் கிட்டே வந்தது. "ரொம்ப வலிக்குதா புள்ள?"

"வலிக்குது மச்சான். ஆனா வரணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சு." அழுதுவிட்டேன்.

"டிக்கெட்டை அடுத்த மாசத்துக்கு மாத்திடறேன், அழாத. இப்ப நின்னுக்கிட்டா பேசுற?"

"ஆமா."

"இரு, நானும் எந்திரிச்சுக்கறேன்."