பதினெட்டு அடியில் நின்ற எண்

என் எம்.இ. புராஜெக்ட் பேட்டரியே இல்லாத ஒரு கருவி. கிணற்று நீருக்குள் இறக்கிய ஸ்பீக்கரிலிருந்து நான் சத்தம் அனுப்புவேன். அந்த அதிர்வையே மின்சாரமாக்கிக்கொண்டு, தான் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று கருவி திருப்பிச் சொல்லும். சத்தம் நின்றால் அதுவும் ஊமை.

ஆரணிக்கு வெளியே ஒரு விவசாயக் கிணற்றில் சோதனை. கயிற்றில் தொங்கவிட்டால் கருவி ஆடியது. லேப்டாப்பில் எண்கள் தாறுமாறாக ஓடின. செய்யாறில் ஷிப்ட் முடிந்து துணைக்கு வந்திருந்த அண்ணன், "குடு பாப்பா, நான் அடியில வெச்சிட்டு வரேன்" என்று சட்டையைக் கழற்றினான். வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு நூலை முறுக்கி, கருவியைத் தன் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டான். எங்கள் வீட்டில் எதைக் கட்டவும் அதுதான். நீருக்குள் என் சத்தம் மெல்லிய விசிலாகக் கேட்கும். விசில் நின்றால் உடனே மேலே வர வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

குதித்தான். திரையில் ஐந்து, பத்து, பதினைந்து. பதினெட்டில் எண் நின்றது. கருவியை அடித்தரையில் வைக்கிறான் என்று நினைத்தேன். எண் அசையவேயில்லை. மேலே வந்த குமிழிகளும் குறைந்தன.

சத்தத்தை நிறுத்தினால்தான் அவனைக் கூப்பிட முடியும். நிறுத்தினால் அவன் எங்கே இருக்கிறான் என்பதே எனக்குத் தெரியாது. அந்தப் பாழாய்ப்போன எண்ணை விட மனமில்லாமல் சுவிட்சில் விரலை வைத்தபடியே இருந்தேன். பிறகு அணைத்தேன். திரை வெறுமையானது.

தாங்க முடியவில்லை. மறுபடி போட்டேன். அதே பதினெட்டு. அண்ணன் போய்விட்டான் என்றே நினைத்து அலறினேன்.

அப்போதுதான் மோட்டார் குழாய்க்குப் பின்னால் அவன் தலை தெரிந்தது. குழாயைக் கட்டிக்கொண்டு இருமினான். கையில் கருவி இல்லை. மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது.

படியேறி வந்தவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"கோச்சிக்காத பாப்பா. நூலு பைப்புல மாட்டிகிச்சி. உன் மிஷின் அங்கயே கீது."

"மொதல்லியே கைய உருவிகினு வர்றதுக்கு இன்னா கேடு உனக்கு?"

"உன் படிப்பாச்சே," என்றான், இருமலுக்கு நடுவே. "விசிலு நின்னதாலதான் உட்டுட்டு வந்தேன். இல்லன்னா இன்னும் அவுத்துகினுதான் இருந்திருப்பேன்."