காக்கைக்கு வைத்த தண்ணீர்

அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர்தான் என்று இதய டாக்டர் சொன்னது மார்கழி மாதத்தில். அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார், கால்கள் இரண்டும் வீங்கிப் போய்ச் செருப்புக்குள் நுழையாது. காப்பி, மோர், கஞ்சி எல்லாமே அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். நீர் பிரிய மாத்திரையும் உண்டு. நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கையில் ஓர் அளவைக் கொடுத்துவிட்டால் கடவுளே வந்து கேட்டாலும் கூட்டித் தர மாட்டேன். ஒரு பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, காலை, மதியம், மாலை என்று பிரித்தேன். மாசிக்குள் வீக்கம் வற்றிவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். தாகம் எடுத்தால் என்னைக் கேலி செய்தே கொஞ்சம் தண்ணீர் கேட்பார்.

"கண்டக்டரம்மா, விசில் குடுத்தாத்தான் வண்டி நகருமோ? இத்திரி வெள்ளம் தா மக்களே."

"இனி அஞ்சு மணிக்குத்தான் அப்பா."

திருவட்டாறு பக்கத்து ஆட்களான எங்களுக்கு ஒரு திமிர் உண்டு. வெயில் என்பது திருநெல்வேலிக்கும் வேலூருக்கும் உரியது. நமக்கு மலையும் ஆறும் ரப்பர் மரத்து நிழலும் இருக்கின்றன என்று நினைப்பு. அந்தப் பங்குனியில் கோடை மழை ஏமாற்றிவிட்டது. காங்கிரீட் கூரை சாயங்காலம் வரை அனலைக் கக்கியது. வெப்ப அலை என்று டிவியில் எங்கள் மாவட்டத்தின் பெயரைச் சொன்னபோது நான் சிரித்தேன்.

வீடு வீடாக வந்த கிராம நர்ஸ் சொன்னாள். "டீச்சர், வயசானவங்களுக்கு தாகம் இல்லேன்னாலும் வெள்ளம் குடுக்கணும். அப்பாவுக்கு இந்த வெயிலுக்கு அளவ மாத்தணுமான்னு டாக்டர்கிட்ட ஒருக்கா கேளுங்க."

"அதெல்லாம் சீக்கு இல்லாதவங்களுக்கு" என்று அனுப்பிவிட்டேன். ஒரு போன் செய்திருக்கலாம். எனக்குத் தெரியாததா என்கிற எண்ணம்தான், வேறென்ன.

அப்பா மீது காட்டாத இரக்கத்தைக் காக்கைகள் மீது காட்டினேன். பின்பக்கத்து மதில்மேல் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்திருந்தேன். அது சீக்கிரம் சீக்கிரமாக வற்றியது. வெயில் குடிக்கிறது என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் கொல்லைக் கதவைத் திறந்தபோது அப்பா மதிலோரம் நின்று, இரண்டு கைகளாலும் சட்டியைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். மேல்துண்டெல்லாம் நனைந்திருந்தது. என்னைக் கண்டதும் சட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி வாயைத் துடைத்தார்.

கோபம் தலைக்கேறியது. "காக்கா வாய் வச்ச வெள்ளம் அப்பா. ஆசுபத்திரியில கெடந்தது மறந்துபோச்சா?" என்று கத்தினேன். சட்டியைக் கவிழ்த்துப் பரணில் போட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் அப்பா தண்ணீரே கேட்கவில்லை. காலையில் கொடுத்ததில் இரண்டு மடக்கு குடித்துவிட்டுக் கண்மூடிக் கிடந்தார். மதியமும் வேண்டாம் என்று தலையசைத்தார். ஒருவழியாகப் பழகிவிட்டார் என்று எனக்குத் திருப்தி. "இன்னைக்கு நல்ல பிள்ளை" என்று நெற்றியைத் தடவினேன். நெற்றி காய்ந்து சுட்டது. வெயில் சூடு என்று ஃபேனைக் கூட்டி வைத்தேன். நான்கு மணிக்கு எழுப்பினால் என்னை அம்மாவின் பெயர் சொல்லி அழைத்தார். பிறகு பேச்சு குழறியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அப்பாவின் புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டார். அது மடிந்தபடியே நின்றது. "கால் வீக்கம் வத்தினப்பவே, இந்தச் சூட்டுக்கு மாத்திரையைக் குறைக்கணுமா, தண்ணியைக் கூட்டணுமான்னு கேட்டிருக்கணும்மா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் விடியும் முன் அப்பா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியமான அடியந்திரத்துக்கு அத்தை, அப்பாவின் தங்கை, எல்லாம் எடுத்துச் செய்தாள். காக்கைக்கு இலையில் சோறு வைத்துவிட்டு, தண்ணீர் வைக்க ஒரு மண்சட்டி கேட்டாள். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். பரணிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். அவள் அதே மதில்மேல் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு காக்கை வந்தது. சோற்றைத் தொடவில்லை. நேரே சட்டியில் மூக்கை விட்டுக் குடித்தது, தலையை நிமிர்த்தியது, மறுபடியும் குடித்தது.

"பாத்தியா மக்களே, அண்ணன் வந்து தாகம் தீரக் குடிக்காரு" என்று அத்தை கைகூப்பி அழுதாள். வந்திருந்த எல்லோரும் கைகூப்பினார்கள்.

என்னால் கையைச் சேர்க்க முடியவில்லை. உள்ளே போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கோரி வந்தேன். "கிட்டப் போகாத, பறந்துரும்" என்று அத்தை கையைப் பிடித்தாள். உதறிக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் காக்கை பறந்துவிட்டது. நான் மதிலோரம் நின்று, சட்டி நிறைந்து வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.