ஒற்றைக் கைக்கு ஓர் எடிட்டர்

போன வாரம் மழை விட்ட மறுநாள் கரண்ட் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஃபிரிட்ஜுக்குப் பயந்து, பரண்மேல் கிடந்த பழைய ஸ்டெபிலைசரை இறக்கி மாட்டினேன். சற்று நேரத்தில் அதிலிருந்து தூசி சூடேறும் வாசனை வந்தது. வீட்டில் எல்லோரும் ஏதோ கருகுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சிரிக்காதீர்கள், எனக்கு அது வசந்தா அக்கா வீட்டு டி.வி.யின் வாசனை.

கடலூர் புதுப்பாளையத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் இருந்த அந்தக் கறுப்பு வெள்ளை டி.வி.க்கு மடக்குக் கதவு உண்டு, பூட்டும் உண்டு. போட்டவுடன் படம் வராது. முதலில் வாசனை வரும், பிறகு சத்தம், கடைசியில்தான் முகம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவில் பாதிப் பேர் அதன் முன்னால்தான் இருப்பார்கள். அந்த டி.வி.யைத்தான் நானும் சேகர் மாமாவும் ஒரு வருஷம் போலப் பிடித்து வைத்துக்கொண்டோம். தெருவே எங்கள்மேல் கோபமாக இருந்தது.

சேகர் மாமா அக்காவின் கணவர். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தில் புரோகிராமர். காலை பாசஞ்சரில் போய் சாயங்கால பாசஞ்சரில் திரும்புவார். அங்கே ஒரே பெரிய இயந்திரம், அதிலிருந்து வயர் இழுத்துப் பல திரைகள். அதில் வி.ஐ. என்று ஓர் எடிட்டர் இருந்தது. எடிட்டர் என்றால் பத்திரிகை ஆசிரியர் இல்லை. என் அப்பா கடைசிவரை அப்படித்தான் நினைத்து, மருமகன் பெரிய மனிதரோடு வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புரோகிராமையோ கடிதத்தையோ திரையில் எழுதித் திருத்துவதற்கான மென்பொருள், அவ்வளவுதான். மாமா அதை ஓட்டும்போது பார்க்கவேண்டும். விரல் எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது, திரையில் வரிகள் தானாக இடம் மாறும்.

ஒருநாள் நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு லோடு டிராக்டர் ஒன்றைத் தாண்டும்போது தரையில் உதிர்ந்து கிடந்த சோகை இலையில் சறுக்கி ஸ்கூட்டரோடு விழுந்தார். எலும்பெல்லாம் கூடிவிட்டது. தோளில் அறுந்த நரம்பு மட்டும் கூடவில்லை. வலது கை தோளிலிருந்து சும்மா தொங்கியது. அதை யாரும் பார்க்கக்கூடாதென்று முழுக்கைச் சட்டை போட்டு, பேன்ட் பாக்கெட்டுக்குள் செருகி வைத்துக்கொள்வார். யாராவது வந்தால் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். கல்லூரியிலிருந்து நல்ல மனதோடுதான் சொல்லியனுப்பினார்கள்: உடம்பு தேறியதும் வாருங்கள், டைப் அடிக்க வேண்டியிராத வேலையாகப் பார்த்துத் தருகிறோம் என்று. அதைக் கேட்டபிறகுதான் அவர் பேசுவதையே நிறுத்தினார்.

நான் அப்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு துணிக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார். வாத்தியார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாடத்தை முந்தினநாள் நான் படிப்பேன், மறுநாள் பிள்ளைகள் படிப்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் கெட்டுப்போகும் என்று உண்மையாகவே நம்பினோம். அந்த வருஷம் புது மிஷின்கள் வந்ததும், வீட்டு உபயோகத்துக்கென்று வந்த பழைய சின்னக் கம்ப்யூட்டர்கள் மூலைக்குப் போயின. கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடங்கியிருக்கும். திரைக்கு டி.வி.யை மாட்டிக்கொள்ளவேண்டும், சேமித்து வைப்பதற்குப் பாட்டுக் கேட்கும் டேப் ரெக்கார்டர். "ஒண்ண எடுத்துட்டுப் போப்பா, எடத்த அடைக்குது" என்றார் முதலாளி.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் சுற்றி வளைக்கமாட்டாள். "இவருக்கு எதனா வேல குடுடா. கைய வுடு, மூள சும்மா கெடக்குது" என்று சொல்லியிருந்தாள். நானும் அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் டி.வி.யோடு இணைத்து மாமா முன்னால் வைத்தேன். ஒரு சின்ன புரோகிராம் அடிக்க ஆரம்பித்தார். ஒரு எழுத்து தப்பாக விழுந்தது. அதைத் திருத்த அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கீயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கீயை அமுக்கவேண்டும். இடது கைக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து எட்டிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு கீபோர்டை ஒதுக்கித் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போ மச்சான். இது ரெண்டு கை இருக்கறவனுக்குச் செஞ்சது."

நான் வயரைச் சுருட்டத் தொடங்கினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே தனக்குத்தானே சொன்னார்: "வி.ஐ.ல இந்தத் தொல்லயே கெடயாது. எழுதறது தனி, திருத்தறது தனி. ஒவ்வொரு கீயா தட்டிக்கினே போவலாம்."

"அப்ப அதையே இதுல போட்டுட்டா இன்னா மாமா?" என்று கேட்டேன். அறியாமைக்கும் ஒரு பயன் உண்டு. விஷயம் தெரிந்தவன் அப்படிக் கேட்டிருக்கமாட்டான்.

"கரும்பாலையத் தூக்கியாந்து சமையக்கட்டுல வையின்றியா?" என்றார். ஆனால் மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தபோது வாசல்வரை வந்து, "அந்தப் பொட்டில மெமரி எவ்ளோ?" என்று கேட்டார். பல வாரங்களில் அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் வி.ஐ.யைப் போலவே சின்னதாக ஒன்றை எழுதி இலவசமாக விட்டிருந்தார். அந்த புரோகிராமின் வரிகள் கல்லூரி மிஷினில் இருந்தன. அச்சடித்து வாங்கி வரவேண்டும். நான் போய்வருகிறேன் என்றேன். அக்கா விடவில்லை. "நீங்களும் போங்க. இவனுக்கு எந்தப் பக்கம் வேணும்னு தெரியுமா, வேற எதையாச்சும் தூக்கியாந்துருவான்." என்னைப் பற்றி அவளுக்கு இருந்த கணிப்பு சரிதான். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் மாமா வலப்பக்கம் சுவர் வருகிற ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்தார். 

கணினிக் கூடத்தில் பிலோமினா என்று ஓர் ஆபரேட்டர். கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பச்சைக் கோடு போட்ட அகலத் தாளில் பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளியதைக் கட்டாக மடித்து, மாமாவின் இடது கையில் கொடுத்தார்.

"சார், உங்க சேர்ல இதுவரைக்கும் யாரும் ஒக்காரல."

மாமாவின் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: "நெட்டு லூசாயிருக்கு சார். ஒக்காந்தா சாயுது. அதான்."

மாமா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை அக்கா பார்க்கவில்லையே என்று எனக்கு இருந்தது.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் எங்கள் தொழிற்சாலை நடந்தது. மாமா தாளைத் தொடைமேல் விரித்துப் படிப்பார். அந்த வரி செய்கிற வேலையை இந்தச் சின்னப் பெட்டிக்குப் புரிகிற மொழியில் மாற்றிச் சொல்வார். நான் அடிப்பேன். மெமரியில் இடம் போதாது. எதை விடுவது என்று தினமும் வழக்கு. ஒருமுறை, அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் வசதியை விட்டுவிடலாம் என்றார். அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "தப்புன்னு தெரிஞ்சா திருப்பி வாங்கிக்க முடியாதுன்னா, அத வச்சிக்கினு இன்னா பண்றது?" ஆகவே கடைசியாக அழித்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி ஆயிற்று.

பக்கத்து வீட்டு பாக்கியம்மா படம் பார்க்க வந்து, கூடத்தில் நின்று திரையை உற்றுப் பார்ப்பார். "இன்னா வசந்தா, ஒரே எழுத்தா வருது? படம் எப்ப ஆரம்பிப்பான்?" என்பார். "இது இங்கிலீஷ் படம்க்கா" என்று அக்கா சமாளிப்பாள். பாவம், ஒருநாள் கால்மணி நேரம் உட்கார்ந்தே பார்த்துவிட்டுப் போனார்.

வி.ஐ.யில், எழுதும் இடத்தைக் காட்டும் கர்சரை நகர்த்தும் நான்கு கீகளும் கீபோர்டின் வலப்பக்கம் இருக்கின்றன. இடது கை அவ்வளவு தூரம் போய்த் திரும்புவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "மாமா, நம்ம எடிட்டர்தான, அந்த நாலையும் இந்தப் பக்கம் மாத்திட்டா உங்களுக்கு ஈசியா இருக்குமே" என்றேன், பெரிய கண்டுபிடிப்பு போல.

"வேணாம் மச்சான். அங்க போனா அந்த எடத்துலதான இருக்கும்."

சொல்லிவிட்டுத் தாளைப் புரட்டினார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா கதவோரம் வந்து என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவர் திரும்பவும் சிதம்பரம் போவார் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எடிட்டர் ஒருவழியாக எழுந்து நின்றது. ஆனால் நடக்கவில்லை, தவழ்ந்தது. நீளமான கட்டுரையின் ஆரம்பத்தில் போய் ஒரு எழுத்தைச் செருகினால், அது திரையில் வருவதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிடலாம். ஒரு எழுத்து நடுவில் புகுந்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை எழுத்தும் ஓரிடம் தள்ளி உட்காரவேண்டும், அதனால்தான் அந்தத் தாமதம். மாமா ரெண்டு நாள் அதையே யோசித்தார். சாப்பிடும்போது திடீரென்று ஸ்பூனை வைத்தார்.

"அன்னிக்கி ரயில்ல வரும்போது பரங்கிப்பேட்டையில ஒரு கூடக்காரம்மா ஏறுச்சே, ஞாபகம் இருக்கா? காலி எடம் பெஞ்சு கடைசில. அந்தம்மா நின்னது இந்தக் கோடியில. அதுக்காக மொத்த பெஞ்சும் நவுந்துச்சி. அந்தக் காலி எடம் மொதல்லயே அந்தம்மா கிட்ட இருந்திருந்தா?"

காலி இடத்தைக் கடைசியில் வைக்காமல், கர்சர் நிற்கும் இடத்திலேயே வைத்துக்கொள்வது. கர்சரோடு காலி இடமும் கூடவே நகரும். இதைப் பெரிய மிஷின்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துப் பெயரும் வைத்துவிட்டார்கள் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரியவந்தது. எங்களுக்கு அது கூடைக்காரம்மா முறைதான்.

அதை எழுதிய சனிக்கிழமை மத்தியானம்தான் கரண்ட் போயிற்று. முடிந்ததும் டேப்பில் ஏற்றிக்கொள்ளலாம் என்றிருந்தோம். டி.வி. நடுவில் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. காலையிலிருந்து அடித்ததெல்லாம் போய்விட்டது. மாமா எழுந்துபோய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு தட்டிலேயே இருந்தது. முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன். அக்கா மட்டும், "நீ போ. நாளைக்கி வா" என்றாள்.

திங்கட்கிழமை சென்டரிலிருந்து நேரே போனேன். தெருமுனையிலேயே டேப்பின் கீச்சுச் சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் எழுதுவதை டேப் பதிவு செய்யும்போது வருகிற சத்தம். கூடத்தில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். வலது கை மடிமேல் வெளியே கிடந்தது. பாக்கெட்டில் இல்லை. அழிந்ததை முழுக்கத் தானே, இடது கையால் அடித்து முடித்திருந்தார்.

"நீங்களே அடிச்சிட்டீங்களா மாமா?"

"நீ வர்றதுக்குள்ள மறந்துருவேன்னு பயம்" என்றார். "ஒக்காரு. எதையாவது அடிச்சிப் பாரு."

என்ன அடிப்பதென்று தெரியாமல் என் பெயரை அடித்தேன். தொட்ட மாத்திரத்தில் எழுத்து வந்து நின்றது. வாத்தியாருக்குத் தோன்றிய உயர்ந்த வாசகம் அவ்வளவுதான்.

பிறகு அவர் மாதக்கணக்கில் அதில் பழகினார். அக்காவுக்குப் பரீட்சைக் கேள்வித்தாள், பாக்கியம்மா மகள் கல்யாணத்துக்கு உறவுக்காரர்கள் விலாசம், எல்லாம் அந்த எடிட்டரில்தான். கீயைத் தடவித் தடவித் தேடுவதை யாரும் பார்க்காத இடம் ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. அக்கா வீட்டுக் கூடம் அதற்கு உதவியது. சிதம்பரத்துக்கு வேலைக்குத் திரும்பிய அன்று, நேரே தன் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்து, கொடுக்கப்பட்ட புரோகிராமை ஒற்றைக் கையால் திருத்திக் கொடுத்தாராம். யாரும் வேறு வேலை பற்றிப் பேசவில்லை. பிலோமினா வந்து, "நெட்ட முடுக்கி வச்சிருக்கேன் சார்" என்றாராம். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

அவருக்கும் அக்காவுக்கும் வெகுநாள் கழித்துக் கயல் பிறந்தாள். அவள் மழலை பேச ஆரம்பித்த நாளில் மாமா அவசரமாகக் கைக்குக் கிடைத்த கேசட்டை ரெக்கார்டரில் போட்டு அவள் குரலைப் பிடித்தார். அது எங்கள் எடிட்டர் இருந்த கேசட். இன்னொரு நகல் எடுத்து வைக்க எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றியிருக்கவில்லை. நான் பதறிப்போனேன். அவர் அமைதியாக, "அதோட வேல முடிஞ்சிச்சி மச்சான்" என்றார்.

கெடிலம் ஆறு வீட்டுக்குள் வந்த ஒரு மழை வருஷத்தில் அந்தக் கேசட்டும் போயிற்று. கீபோர்டும் டி.வி.யும் பழைய சாமான்காரரிடம் போயின. அந்தச் சின்ன லைன் மீட்டர் கேஜ் பாசஞ்சர் இப்போது இல்லை, துணிக்கடை மாடியில் இப்போது ஜிம். அக்கா போய், பின்னாலேயே மாமாவும் போனார். கயல் இப்போது மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாமாவின் காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது கேட்டாள்.

"மாமா, அப்பா ஒரு எடிட்டர் எழுதுனாராமே. அம்மா சொல்லியிருக்காங்க. எங்க இருக்கு அது?"

"எங்கயும் இல்லம்மா."

"ஒரு வரி கூடவா?"

"ஒரு வரி கூட இல்ல."

கொஞ்ச நேரம் பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நல்லா ஓடுச்சா?"

"ஓடுச்சிம்மா" என்றேன். "தொட்டா எழுத்து வந்துரும்."